காதுக்குள் ஒரு கச்சேரி

வியாதிகளிலும் மரியாதை உள்ள வியாதி, மரியாதை இல்லாத வியாதி என்று இரண்டு வகை உண்டு. ஒருவருக்கு 103 டிகிரி ஜுரம் அடித்தால் தர்மாமீட்டர் அதற்குச் சாட்சி சொல்லுகிறது. வீட்டார் கஞ்சி வைத்துக் கொடுக்கிறார்கள். ஒருவர் காலை முறித்துக்கொண்டு மாவுக்கட்டுடன் படுத்துவிட்டால், சாத்துக்குடிப் பழமும் கையுமாகப் பந்துமித்திரர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். பல்வலிக்காரருக்குக்கூட வீங்கிய கன்னம் ஒன்று அத்தாட்சியாக இருக்கிறது. ஆனால், "என் காதுக்குள் ஓயாமல் ஒரு சப்தம் கேட்கிறது" என்று ஒருவர் சொல்லட்டும். கேட்கிறவர்கள் அவருடைய காதைப் பார்ப்பதில்லை, முகத்தைத்தான் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். "எல்லாம் பிரமை" என்கிறார் ஒருவர். "வயதாகிவிட்டதல்லவா?" என்கிறார் இன்னொருவர். "சும்மா உட்கார்ந்திருப்பதனால் தோன்றுகிறது, ஏதாவது காரியத்தைப் பார்த்தால் சரியாய்ப் போய்விடும்" என்று மூன்றாமவர் தீர்ப்பளிக்கிறார்.

சொன்னவர் அதன் பிறகு அதைப்பற்றிப் பிரஸ்தாபிப்பதையே நிறுத்திவிடுகிறார். சப்தம் மட்டும் நிற்பதில்லை.

இந்த மரியாதையற்ற உபத்திரவத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உத்தேசம். தமிழில் இதைக் காதிரைச்சல் என்கிறோம். ஆங்கில வைத்தியர்கள் டின்னிடஸ் என்கிறார்கள். மணி ஒலிப்பது என்ற பொருள்படும் லத்தீன் வார்த்தையிலிருந்து வந்த பெயர் அது. நோய் ஒன்றும் புதிதல்ல. காதில் வரக்கூடிய 28 நோய்களைக் கணக்கிட்டுச் சொன்ன சுசுருதர், கர்ணநாதம் என்று அதற்கு அழகான பெயர் ஒன்று சூட்டியிருக்கிறார். பெயரில் இருக்கும் அழகு அனுபவத்தில் இல்லை. சிலருக்குச் சில்வண்டு கத்துவதுபோல் கேட்கிறது. சிலருக்குக் குக்கரிலிருந்து ஆவி பிரிவதுபோல். இன்னும் சிலருக்குச் சங்கைக் காதில் வைத்தாற்போல் 'ஹோ' என்ற இரைச்சல். சிலருக்கு ஒரு காதில். சிலருக்கு இரண்டு காதிலும். வேறு சிலருக்கோ தலைக்கு நடுவே.

"எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்லலாம். பல தேசங்களில் எடுத்த கணக்குகளை 2022-ம் வருஷத்தில் ஒன்று சேர்த்துப் பார்த்தார்கள். வயது வந்தவர்களில் 100-க்குச் சுமார் 14 பேருக்குக் காதிரைச்சல் இருப்பதாக ஏற்பட்டது. உலகம் முழுவதற்கும் 74 கோடிப் பேருக்கு மேல் ஆகிறது. அவர்களில் 12 கோடிப் பேருக்கு மேல் அதனால் கடுமையாக அவதிப்படுகிறார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் 100 பேர் உட்கார்ந்தால், பாயசத்தைச் சாப்பிட்டுக்கொண்டே இந்தச் சப்தத்தையும் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் பத்துப் பேருக்குக் குறையமாட்டார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

சப்தம் பிறக்கும் இடம்

வெளியே இல்லாத சப்தம் உள்ளே எப்படி உண்டாகிறது? இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும் என்பதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

காதின் உட்புறத்தில் நத்தை ஓடுபோல் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஒவ்வொரு காதுக்கும் சுமார் 15,000 நுண்ணிய உயிரணுக்கள், தலையில் மயிர்போன்ற இழைகளுடன் வரிசையாக நிற்கின்றன. சப்த அலை வந்து தொட்டதும் இழைகள் அசைகின்றன. அந்த அசைவு நரம்பின் வழியாக மூளைக்குச் செய்தியாகப் போகிறது. வயதாலும், பேரிரைச்சலாலும், சில மருந்துகளாலும் இந்த அணுக்கள் அழிகின்றன. மனிதர்களுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. பெரும்பாலும் உச்சஸ்தாயி சப்தங்களைக் கிரகிக்கும் அணுக்களே முதலில் போகின்றன.

அப்போது மூளை என்ன செய்கிறது? தூரத்து ரேடியோ நிலையம் ஒன்று சரியாகக் கேட்காவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? திருகைத் திருகிச் சப்தத்தைக் கூட்டுகிறோம். பாட்டு கூடுகிறதோ இல்லையோ, 'உஸ்' என்ற இரைச்சல் நிச்சயமாய்க் கூடுகிறது. மூளையும் இப்படித்தான். காதிலிருந்து வரவேண்டிய செய்தி குறைந்துபோகவே, அது தன் கவனத்தைத் தீட்டித் திருகைக் கூட்டிவிடுகிறது. நரம்புகளுக்குள் எப்போதும் இருந்துகொண்டிருக்கும் சிறு சலசலப்பு அதனால் பெரிய சப்தமாகத் தெரிகிறது. முதல் குறை காதில் ஏற்பட்டாலும், கச்சேரி நடப்பது பெரும்பாலும் மூளையிலேதான். முற்காலத்தில் இந்த உபத்திரவம் தாங்காமல் காது நரம்பையே வெட்டிப் பார்த்திருக்கிறார்கள். காது முழுச் செவிடாயிற்று. ஆனால் பலருக்குச் சப்தம் நிற்கவில்லை.

ஆகையால் காதிரைச்சல் என்பது பிரமை அல்ல. பைத்தியத்தின் அறிகுறியும் அல்ல. இல்லாத குரல்கள் பேசுவதும் ஏவுவதும் வேறு விஷயம். இது, கேட்கும் இயந்திரத்தின் ஒரு கோளாறு, மெய்யாகவே கேட்கிறது.

நிசப்தம் என்னும் மாயை

காதில் இரைச்சல் உள்ளவர்கள் முதலில் தேடுவது அமைதியான இடம். கதவைச் சாத்துகிறார்கள், ஜன்னலை மூடுகிறார்கள், குழந்தைகளை அதட்டுகிறார்கள். இதைவிடத் தவறான வைத்தியம் வேறு இல்லை.

1953-ம் வருஷத்தில் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். காதில் எந்தக் குறையும் இல்லாத 80 பேரைச் சப்தம் புகாத அறையில் தனித்தனியே சுமார் ஐந்து நிமிஷம் உட்கார வைத்தார்கள். என்ன கேட்கிறதென்று எழுதச் சொன்னார்கள். 100-க்கு 94 பேர் ஏதோ ஒரு சப்தம் கேட்பதாக எழுதினார்கள்! ரீங்காரம், இரைச்சல், மணியோசை என்று காதிரைச்சல்காரர்கள் சொல்லும் அதே வர்ணனைகள்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் விளங்குகின்றன. முதலாவது, பூரண நிசப்தம் என்பது மனிதக் காதுக்கு வாய்ப்பதில்லை. இரண்டாவது, வெளிச் சப்தம் குறையக் குறைய உள் சப்தம் துலங்குகிறது. பட்டப்பகலில் கண்ணுக்குத் தெரியாத அகல் விளக்கு, அமாவாசை இரவில் ஊரையே காட்டுகிறதல்லவா? விளக்கின் வெளிச்சம் கூடவில்லை, இருட்டுதான் கூடிற்று.

பயமும் கவனமும்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். காதிரைச்சல் உள்ளவர்களைக் கருவி வைத்துப் பரிசோதித்து, "உங்கள் சப்தத்துக்குச் சமமான சப்தம் எது?" என்று அளந்திருக்கிறார்கள். பெரும்பாலும் மிகச் சிறிய அளவாகவே இருக்கிறது. அதைவிட ஆச்சரியம், ஒரே அளவு சப்தம் உள்ள இருவரில் ஒருவர் அதை லட்சியம் செய்யாமல் குடும்பம் நடத்துகிறார். இன்னொருவர் தூக்கமிழந்து, சாப்பாடு பிடிக்காமல், உயிரையே வெறுக்கும் நிலைக்கு வந்துவிடுகிறார். வித்தியாசம் சப்தத்தில் இல்லை. அந்தச் சப்தத்துக்கு மூளை எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறது என்பதில் இருக்கிறது. 1990-ல் ஜாஸ்ட்ரெபாஃப் என்ற விஞ்ஞானி இந்தக் கொள்கையை விளக்கி எழுதினார். நோயாளிகளைப் பழக்கும் முறை ஒன்றும் அதிலிருந்து உருவாயிற்று.

ரயில் பாதைக்கு அருகில் வீடு வைத்திருப்பவர்களிடம் விருந்தாளியாகப் போயிருக்கிறீர்களா? ராத்திரி இரண்டு மணிக்கு மெயில் வண்டி வீடு அதிரப் போகிறது. விருந்தாளி தூக்கிவாரிப் போட்டு எழுந்து உட்காருகிறார். வீட்டுக்காரர் குறட்டை விடுகிறார். அதே வீட்டுக்காரர், தொட்டிலில் குழந்தை லேசாகச் சிணுங்கினால் சட்டென்று விழித்துக்கொள்கிறார். எந்தச் சப்தம் முக்கியம், எது முக்கியமல்ல என்று மூளை தரம் பிரித்து வைத்திருக்கிறது. முக்கியமல்ல என்று தள்ளிவிட்டதை அது கேட்பதே இல்லை. பாட்டுக் கச்சேரியில் தம்புரா ஆரம்பம் முதல் கடைசி வரை ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. சபையில் எத்தனை பேர் அதைக் கவனித்துக் கேட்கிறார்கள்?

காதிரைச்சல் முதன்முதலாக வரும்போது மனிதன் பயப்படுகிறான். "மூளையில் கட்டியோ? முழுச் செவிடாகிவிடுவேனோ? ஆயுள் முழுவதும் இப்படித்தானோ?" பயந்தவுடன் மூளை, 'ஓஹோ! இது அபாயச் சப்தம் போலிருக்கிறது' என்று முடிவு செய்து, அதை முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்த்திவிடுகிறது. கவனிக்கக் கவனிக்கச் சப்தம் பெரிதாகிறது. பெரிதாகப் பெரிதாகப் பயம் கூடுகிறது. இந்தச் செக்குமாட்டுச் சுற்றை எங்கே அறுப்பது? சப்தத்தை நேராக நிறுத்தும் வழி பெரும்பாலோர்க்கு இன்றைக்கு இல்லை. ஆனால் பயத்தைக் குறைக்கலாம், கவனத்தைத் திருப்பலாம். அப்படிச் செய்தவர்களுக்கு, சில மாதங்களில், சிலருக்கு ஒன்று ஒன்றரை வருஷத்தில், சப்தம் தம்புராவைப்போல் பின்னுக்குப் போய்விடுகிறது.

முதலில் வைத்தியரிடம்

பயத்தைக் குறைக்க முதல் வழி, காது வைத்தியரிடம் போய்க் காட்டிவிடுவதே. சில சமயம் காரணம் மிக அற்பமாக இருக்கும். குறும்பி சேர்ந்து அடைத்துக்கொண்டிருந்தால், அதை அவர் எடுத்தவுடன் சப்தமும் போய்விடலாம். அதற்காகக் கொண்டை ஊசி, தீக்குச்சி, பஞ்சு சுற்றிய குச்சி ஆகிய ஆயுதங்களுடன் நாமே காதுக்குள் படையெடுப்பது கூடாது. குறும்பி இன்னும் உள்ளே போகும், ஜவ்வும் கிழியலாம். காய்ச்சிய எண்ணெயை ஊற்றுவதும் ஆபத்து. 

சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் வைத்தியரிடம் காட்டவேண்டும். ஆஸ்பிரினை அதிக அளவில் சாப்பிட்டாலும், மலேரியாவுக்குக் கொயினா சாப்பிட்டாலும் காது இரையும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் போய்விடும். ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் போன்ற ஊசி மருந்துகள் சிலருக்குக் காதை நிரந்தரமாகவே பாதிப்பதுண்டு. ஆனால் வைத்தியரைக் கேட்காமல் எந்த மருந்தையும் நாமாக நிறுத்தலாகாது.

தாமதிக்காமல் போகவேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. சப்தம் ஒரே காதில் மட்டும் இருந்தாலும், நாடித் துடிப்புடன் சேர்ந்து 'டப் டப்' என்று அடித்தாலும், கூடவே தலைசுற்றல், முகத்தில் ஒரு பக்கம் சோர்வு இருந்தாலும், தலையில் அடிபட்ட பிறகு வந்தாலும் அவசியம் காட்டவேண்டும். ஒரு காது திடீரென்று செவிடாகி இரைச்சலும் கண்டால் அன்றைக்கே போகவேண்டும். அதற்கு முதல் சில நாட்களில் கொடுக்கும் மருந்துக்கு உள்ள பலன், மாதம் கழித்துக் கொடுத்தால் கிடைப்பதில்லை.

செவிப்புலன் எவ்வளவு இருக்கிறது என்று பரிசோதித்துக்கொள்வதும் நல்லது. காது மந்தமாகியிருந்தால், கேட்கும் கருவி ஒன்றை மாட்டிக்கொண்டதுமே அநேகருக்கு இரைச்சல் அடங்கிவிடுகிறது. வெளியிலிருந்து வேண்டிய சப்தம் வர ஆரம்பித்ததும் மூளை தன் திருகைக் குறைத்துக்கொள்கிறது. மூக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ள வெட்கப்படாத நாம், காதுக் கருவிக்கு மட்டும் ஏனோ வெட்கப்படுகிறோம்.

இரவும் மின்விசிறியும்

பகலெல்லாம் ஏதோ வேலையில் கழிந்துவிடும். விளக்கை அணைத்த பிறகுதான் கச்சேரி களைகட்டும். அதற்கு நம் வீடுகளில் சுலபமான மாற்று ஒன்று தலைக்கு மேலேயே தொங்குகிறது. மின்விசிறியின் 'கிர்' என்ற ஓசை ஒரு முதல்தரமான மருந்து. இதை அறியாமலே நம்மில் பலர் வருஷத்தில் பத்து மாதம் இந்த மருந்தைச் சாப்பிட்டு வருகிறோம். மார்கழி பிறந்து குளிருக்காக விசிறியை நிறுத்தினதும், "இந்த மாதம் காது அதிகமாக இரைகிறதே!" என்று கவலைப்படுகிறோம். நடு இரவில் மின்சாரம் நின்றுபோகும்போதும் இதே கதைதான். நோய் கூடிவிடவில்லை, விசிறி நின்றுவிட்டது, அவ்வளவே. குளிராக இருந்தால் விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்து ஓட்டலாம். கடிகாரத்தின் 'டிக் டிக்' ஓசையோ, மெதுவாக வைத்த ரேடியோவோ, மழைச் சப்தமோ, தம்புரா சுருதியோ உதவும். மழையும் தம்புராவும் இக்காலத்தில் கைபேசியிலேயே கிடைக்கின்றன.

பெரிய சப்தம் சிறிய சப்தத்தை மறைக்கும் என்பது, அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் பழைய கிரேக்க நூல் ஒன்றிலேயே பேசப்பட்டிருக்கிறது. வேறொரு சப்தம் செய்தால் காதிரைச்சல் நின்றுவிடுவது ஏன் என்று அதில் ஒரு கேள்வி வருகிறது. 1970-களில் அமெரிக்காவில் போர்ட்லாண்ட் நகரத்தில் ஜாக் வெர்னான் என்ற ஆராய்ச்சியாளர், காதிரைச்சலால் வருந்திய டாக்டர் ஒருவருடன் உலாவப் போனார். வழியில் நீரூற்று ஒன்றின் அருகே வந்ததும் டாக்டர் அங்கேயே நின்றுவிட்டாராம். தண்ணீர் விழும் ஓசையில் அவருடைய சப்தம் மறைந்துபோயிருந்தது. அதைத் தொடர்ந்துதான், இரைச்சலை மறைக்கக் காதிலேயே மாட்டிக்கொள்ளும் சிறு கருவிகள் வெளிவந்தன.

ஆனால் ஒரு நுட்பம். வெளிச் சப்தத்தை, உள் சப்தம் அடியோடு மூழ்கிப்போகும்படி உரக்க வைக்கவேண்டாம். உள் சப்தமும் லேசாகக் கேட்டுக்கொண்டிருக்க, இரண்டும் கலந்திருக்கும்படி மட்டாக வைத்தால் போதும். கேட்காத ஒன்றுடன் மூளை எப்படிப் பழகிக்கொள்ளும்?

படுத்து இருபது நிமிஷமாகியும் தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டிராமல் எழுந்து, மங்கலான விளக்கில், சுவாரஸ்யம் குறைந்த புஸ்தகமாகப் பார்த்துப் படிக்கவேண்டும். தூக்கம் வந்த பிறகு படுக்கைக்குத் திரும்பலாம். எவ்வளவு நேரம் கழித்துத் தூங்கினாலும் காலையில் எழுந்திருக்கும் நேரத்தை மாற்றக்கூடாது.

பகலில் கடைப்பிடிக்கவேண்டிய பழக்கம் ஒன்றே ஒன்று. சப்தம் கூடிற்றா, குறைந்ததா என்று மணிக்கொரு தரம் உற்றுக் கேட்டுப் பார்க்கக்கூடாது. திண்ணையில் அழையா விருந்தாளி ஒருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரோடு சண்டை போட்டால் அவரும் சளைக்காமல் பேசுவார், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம், "போய்விட்டாரா?" என்று எட்டிப் பார்த்தால் அவருடைய முகம்தான் தெரியும். "இருந்துவிட்டுப் போகட்டும்" என்று நம் காரியத்தைப் பார்த்தால், அவர் இருப்பதே மறந்துபோகும். சப்தம் இருப்பதனால் கோயிலுக்குப் போவதையும், சிநேகிதர்களுடன் பேசுவதையும், பாட்டுக் கேட்பதையும் நிறுத்திக்கொண்டால், திண்ணையில் இருந்தவருக்குக் கூடத்தில் பாய் விரித்ததாக ஆகிவிடும்.

காபியும் விளம்பர மருந்தும்

"காபியை விட்டுவிடு, காது சரியாகிவிடும்" என்று பலர் யோசனை சொல்லுவார்கள். நம்மவர்களுக்கு இதைவிடக் கடுமையான தண்டனை கிடையாது. நல்ல வேளையாக, காபியை நிறுத்தச் சொல்லிப் பரீட்சித்துப் பார்த்ததில் காதிரைச்சல் குறைந்ததாகத் தெரியவில்லை. தலைவலி வந்ததுதான் மிச்சம். ராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்காத அளவில் சாப்பிடுபவர்கள் தைரியமாகச் சாப்பிடலாம்.

காபிக்காக இவ்வளவு பரிந்து பேசும் நாம், விளம்பர மருந்துகளுக்கு அப்படிப் பேசுவதற்கில்லை. "இரண்டே வாரத்தில் காதிரைச்சல் மாயம்!" என்று சொல்லும் சொட்டு மருந்துகளுக்கும் மாத்திரைகளுக்கும் குறைவில்லை. அமெரிக்கக் காது வைத்தியர்கள் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டிக் குறிப்பில், ஜிங்கோ இலைச் சாறு, துத்தநாகம் முதலியவற்றைக் காதிரைச்சலுக்கு மருந்தாகக் கொடுக்கவேண்டாம் என்றே சொல்லியிருக்கிறார்கள். இதைக் குணப்படுத்துவதாக நிரூபிக்கப்பட்ட மாத்திரை இதுவரை இல்லை.

மருந்தல்லாத சிகிச்சை ஒன்றுக்கு நல்ல அத்தாட்சி இருக்கிறது. காக்னிட்டிவ் பிஹேவியர் தெரபி என்று அதற்குப் பெயர். சப்தத்தைப்பற்றி மனத்தில் எழும் பயங்கரமான எண்ணங்களைச் சோதித்து, அவற்றால் ஏற்பட்ட பழக்கங்களைத் திருத்துவது அந்த முறை. 28 பரிசோதனைகளில் கலந்துகொண்ட 2,733 பேரின் விவரங்களை 2020-ல் காக்ரேன் ஸ்தாபனத்தார் தொகுத்துப் பார்த்தார்கள். இந்தச் சிகிச்சையால் காதிரைச்சல் வாழ்க்கைக்குச் செய்யும் தொல்லை குறைவதாகக் கண்டார்கள். மனோதத்துவ நிபுணர்களிடம் இதைப் பெறலாம். மனோதத்துவம் என்றதும், "அப்படியானால் எனக்குப் பைத்தியமா?" என்று கோபிக்கவேண்டியதில்லை. கால் முறிந்தவன் ஊன்றுகோல் வைத்துக்கொள்வதுபோல் இதுவும் ஓர் உதவி.

இந்த உபத்திரவத்தால், "உயிரோடு இருந்து என்ன பயன்?" என்ற எண்ணம் யாருக்கேனும் தோன்றினால் அதை ஒருநாளும் மனத்துக்குள் வைத்துக்கொள்ளக்கூடாது. வீட்டாரிடமும் டாக்டரிடமும் உடனே சொல்லிவிடவேண்டும். 2022-ல் இந்திய சர்க்கார் ஏற்படுத்திய டெலி மானஸ் என்ற சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

இரண்டு சங்கீத மேதைகள்

காதையே ஜீவனமாகக் கொண்டவர்களுக்கு இந்த நோய் வந்தால் என்ன செய்வார்கள்? ஜெர்மானிய சங்கீத மேதை பீதோவனுக்கு வந்தது. 1801-ம் வருஷம், முப்பது வயதில், வைத்தியரான தம் பால்ய சிநேகிதர் வேகலருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். காது இரவும் பகலும் ஓயாமல் இரைகிறதென்றும், செவிடாகி வருவதை வெளியே சொல்ல முடியாமல் மனித சகவாசத்தையே தவிர்த்து வருவதாகவும் அதில் தெரிவித்திருந்தார். மறு வருஷம் உயிரை விட்டுவிடலாமா என்றுகூட எண்ணினார். கலைதான் தடுத்து நிறுத்திற்று. அவர் இயற்றிய ஒன்பது ஸிம்பொனிகளில் எட்டு, அந்தக் கடிதத்துக்குப் பிறகு பூர்த்தியானவை.

இன்னொருவர் பொஹீமியா தேசத்து ஸ்மெதனா. ஆஸ்திரியரின் ஆட்சியில் இருந்த தம் நாட்டுக்குச் சொந்தமான சங்கீதம் வேண்டும் என்று உழைத்தவர். 1874-ல் காது இரைய ஆரம்பித்து, அதே வருஷத்தில் முழுச் செவிடாகிவிட்டார். அதற்குப் பிறகுதான், தாய்நாட்டின் நதியான வல்தாவாவைப்பற்றிய புகழ்பெற்ற இசையை எழுதினார். 1876-ல் 'என் வாழ்விலிருந்து' என்ற நால்வர் வாத்திய இசை ஒன்றை இயற்றினார். அதன் கடைசிப் பகுதியில், குதூகலமாகப் போய்க்கொண்டிருக்கும் சங்கீதம் சட்டென்று நிற்கிறது. ஒரு வயலின் மட்டும் கீச்சென்று உச்சஸ்தாயியில் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து நிற்கிறது. தம் காதுக்குள் கேட்ட சப்தத்தை அவர் உலகத்துக்குக் கேட்கச் செய்துவிட்டார்! கேட்கிறவர்கள் சில விநாடிகளேனும் அந்த வேதனையை அறிந்துகொள்கிறார்கள்.

இவர்களுடைய கஷ்டம் இலேசானதல்ல. நாமெல்லாரும் ஸிம்பொனி எழுதவேண்டும் என்பதுமல்ல. சப்தம் நின்ற பிறகு வேலையை ஆரம்பிக்கலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை என்பதுதான் கவனிக்கத் தக்கது.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

ஸ்மெதனாவைப்போல் எல்லாராலும் தம் காதுச் சப்தத்தைப் பிறருக்குக் கேட்கச் செய்ய முடியாது. ஆகையால் கேட்காமலே நம்புவது வீட்டாரின் கடமை. "பாட்டி! எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே?" என்று பேரன் சொல்லுவது நியாயம், அவன் குழந்தை. பெரியவர்களும் அப்படியே சொன்னால் பாட்டிக்குக் காதிரைச்சலுடன் மனக்கசப்பும் சேர்ந்துகொள்ளும். ஒருதரம் பூரணமாக நம்பிவிடுங்கள். நம்பின பிறகு, "இன்றைக்குச் சத்தம் எப்படி இருக்கிறது?" என்று வேளைக்கு ஒருதரம் விசாரிக்காதீர்கள். மறந்திருந்த விருந்தாளியை நீங்களே கைதட்டிக் கூப்பிட்டதாக ஆகும்.

காது மந்தமானவரிடம் அடுத்த அறையிலிருந்து கத்தவேண்டாம். எதிரில் வந்து முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசுங்கள். நாலு பேர் ஒரே சமயத்தில் பேசுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால், அவர் கூடத்தை விட்டு எழுந்து போகமாட்டார்.

சிறுவர் சிறுமியரின் காதுகளையும் இப்போதே காப்பாற்றவேண்டும். 85 டெஸிபல் சப்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம் என்றும், மூன்று டெஸிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகக் குறையவேண்டும் என்றும் அமெரிக்கத் தொழில் சுகாதார நிபுணர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இதன்படி 100 டெஸிபலுக்குக் கால் மணி நேரந்தான் கெடு. கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கிக்கு முன்னால் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பவர்கள் இதை யோசிக்கவேண்டும். காதில் குமிழை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கும் பிள்ளைகளும், கையெட்டும் தூரத்தில் வெடி கொளுத்துகிறவர்களும் யோசிக்கவேண்டும். பஞ்சை வைத்து அடைத்துக்கொள்வது போதிய காப்பு அல்ல. அதற்கென்று செய்த காதடைப்பான்கள் மலிவாகவே கிடைக்கின்றன. ஆனால் இரைச்சல் உள்ளவர்கள் சாதாரண சப்தங்களுக்கெல்லாம் பயந்து அதை நாள் முழுவதும் மாட்டிக்கொண்டிருப்பது, முன்னே சொன்ன நிசப்த வைத்தியத்தைப்போல் தவறாக முடியும்.

இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரையில் பொது இடத்தில் ஒலிபெருக்கி வைக்கலாகாது என்று நம் தேசத்தில் 2000-ம் வருஷத்திலேயே விதி ஏற்பட்டிருக்கிறது. விசேஷ நாட்களுக்குச் சில விலக்குகள் உண்டு. வருஷம் முழுவதையும் விசேஷ நாளாக்கிக்கொள்வது விதியின் நோக்கமல்ல. சுதந்திரம் என்பதில் அடுத்த வீட்டுக்காரர் தூங்கும் சுதந்திரமும் அடங்கியிருக்கிறது.

காதிரைச்சல் உள்ள நேயர்களுக்குக் கடைசியாகச் சொல்லவேண்டியது இதுதான். வைத்தியரிடம் காட்டி அபாயம் இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகு, அந்தச் சப்தம் நிற்பதற்காக வாழ்க்கையை நிறுத்தி வைக்கவேண்டாம். நல்ல நாளும் இருக்கும், பொல்லாத நாளும் இருக்கும். ஒரு வாரம் கூடினதே என்று கலங்கவேண்டாம். மறு வாரம் குறைந்ததே என்று கணக்கு வைக்கவும் வேண்டாம். உள்ளே நடக்கும் கச்சேரிக்கு நாம் டிக்கெட் வாங்கவில்லை. கடைசி வரையில் உட்கார்ந்து கேட்கவேண்டும் என்ற கட்டாயமும் நமக்கு இல்லை. அது பாட்டுக்கு நடக்கட்டும். நாம் எழுந்து நம் காரியத்தைப் பார்ப்போம்.